ஆர்எக்ஸ் 100 கியர் ஆயில் வீட்டிலேயே மாற்ற: 650 மில்லியா, முழு பாட்டிலா?

கூடல்நகர்_ஆர்எக்ஸ்

வணக்கம் அண்ணன்மார்களே. வண்டி 94 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 டூஸ்ட்ரோக் பைக், பழசா வாங்கினது. கியர் ஆயில் கடைசியா எப்போ மாத்தினாங்கன்னு வித்தவருக்கே தெரியல. வீட்டிலேயே மாத்திடலாம்னு ஆயில் வாங்கப் போனா கடைக்கு ஒரு பேச்சு. ஒருத்தர் இபி 90 தான் கியர் ஆயில், அதைப் போடுங்கறார். இன்னொருத்தர் 4டி (ஃபோர்ஸ்ட்ரோக் என்ஜின்) ஆயில் 900 மில்லி பாட்டிலைக் கொடுத்து, அப்படியே கவுத்திடுங்கறார். மண்ணெண்ணெய் ஊத்தி ஒரு தடவை கழுவிட்டு ஊத்தணும்னு வேற சொல்றாங்க.

எந்த ஆயில், எவ்வளவு, எப்படி? வண்டி புகை கொஞ்சம் ஜாஸ்தியா விடுது. ஆயில் மாத்தினா அது குறையுமா?

டூஸ்ட்ரோக்_பித்தன்

தம்பி, அளவை முதல்ல சொல்லிடறேன். வடிச்சு ஊத்துறதுக்கு 650 மில்லி. என்ஜினை முழுசாப் பிரிச்சு மாட்டினா மட்டும் இன்னும் ஒரு 50 மில்லி போலக் கூடப் பிடிக்கும். 900 மில்லி பாட்டில் ஸ்ப்ளெண்டர் மாதிரி ஃபோர்ஸ்ட்ரோக் வண்டிக்குன்னு அடைச்சு வர்றது. 650 ஊத்திட்டு மிச்சத்தை இறுக்கி மூடி வையுங்க, டாப்-அப்புக்கு ஆகும்.

ஆயில்: 20டபிள்யூ-40, மினரல் 4டி. பாட்டில் பின்னாடி ஜாசோங்கற ஜப்பான் தர முத்திரை, எம்ஏ அல்லது எம்ஏ2ன்னு கட்டம் போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்க. எம்பின்னு இருந்தா வேண்டாம். அது டிரை கிளட்ச் (ஆயில்ல ஊறாத கிளட்ச்) இருக்கிற ஸ்கூட்டருக்கு, வழுக்கல் அதிகம். கார் ஆயிலும் வேண்டாம். அதுல மைலேஜுக்காக உராய்வு குறைக்கிற சரக்கு சேர்த்திருப்பாங்க. உங்க கிளட்ச் தட்டுக்கு உராய்வுதான் சோறு.

இப்போ முக்கியமான விஷயம். இந்த வண்டியில ரெண்டு ஆயில், ரெண்டு வேலை. 2டி (டூஸ்ட்ரோக் என்ஜின்) ஆயில் தனி டேங்கில இருந்து ஆட்டோலூப் பம்ப் வழியாப் போய் பெட்ரோலோட சேர்ந்து எரிஞ்சிடும். கியர் ஆயில் கிளட்ச், பிரைமரி கியர், நாலு கியர், கிக்கர் எல்லாம் இருக்கிற அறையில அப்படியே கிடக்கும். அது எரியறது இல்ல. அதுக்கு ஃபில்டரும் கிடையாது. அதனால அது குறையறதுக்கே நியாயம் இல்ல. குறைஞ்சா ரெண்டே வழி: வெளியில ஒழுகுது, இல்ல உள்ள, பிஸ்டனுக்குக் கீழ இருக்கிற கிராங்க் அறைக்குப் போகுது. வெளியில ஒழுகினா தரையில தெரியும். உள்ள போனா புகையில தெரியும்.

அதனால, வடிக்கிற ஆயிலைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க. எந்த பிராண்டு ஊத்தறீங்கங்கறதை விட எவ்வளவு வெளிய வந்துச்சுங்கறதுதான் எனக்குத் தெரிஞ்சாகணும். புகை கேள்விக்குப் பதில் அதுலதான் இருக்கு.

ஸ்பானர்_பட்டறை

இபி 90 போட்டா என்ன ஆயிடும்? ஊர்ல பாதி மெக்கானிக் ஆர்எக்ஸுக்கு அதைத்தான் ஊத்தறாங்க. கியர் சத்தம் அடங்கிடும், கெட்டியா நிக்கும். கியர்பாக்ஸுக்குக் கியர் ஆயில் போடாம என்ஜின் ஆயில் போடுன்னு சொல்றது எனக்குப் புரியல.

டூஸ்ட்ரோக்_பித்தன்

சத்தம் அடங்கும், நான் மறுக்கல. சிக்கல் கியர்ல இல்லண்ணே, கிளட்ச்ல.

முதல்ல அந்த 90ங்கற எண். கியர் ஆயிலுக்கு ஒரு அளவுகோல், என்ஜின் ஆயிலுக்கு வேற அளவுகோல். 100 டிகிரி சூட்டுல எஸ்ஏஇ 40 என்ஜின் ஆயிலோட கெட்டித்தன்மை 12.5ல இருந்து 16.3 சென்டிஸ்டோக்குக்குள்ள இருக்கும். எஸ்ஏஇ 50ன்னா 16.3ல இருந்து 21.9. கியர் ஆயில் 90 ஆரம்பிக்கிறதே 13.5ல. அதாவது 90ங்கறது 40ஐ விட ரெண்டு மடங்கு கெட்டி இல்ல. 40க்கும் 50க்கும் நடுவுல எங்கயோ நிக்குது. சூடான பிறகு கெட்டித்தன்மையில கிடைக்கிற லாபம் நீங்க நினைக்கிற அளவு இல்ல.

ஆனா காலையில குளிர்ந்து கிடக்கும்போது கதை வேற. 20டபிள்யூ-40 அப்பவும் ஓடும். சாதா 90 கெட்டியா இருக்கும். கிளட்ச் தட்டுகளுக்கு நடுவுல அது பசையா நிக்கிறதால, லீவரை முழுசாப் பிடிச்சும் தட்டு பிரியாது. முதல் கியர் போட்டதும் வண்டி 'டக்'குனு முன்னாடி குதிக்கும், நியூட்ரல் விழாது. நிறைய பேர் கிளட்ச் கேபிளைக் குறை சொல்லி அதைத் திருகிக்கிட்டே இருப்பாங்க.

அடுத்தது, இபி ஆயில்ல இருக்கிற கந்தக-பாஸ்பரஸ் சரக்கு. கியர் பல்லு மேல பல்லு அழுத்தி உரசற இடத்துல அது நல்ல காவல். கிளட்ச் லைனிங் ஊறிக் கிடக்கிற இடத்துல அதுக்கு வேலை இல்ல. ஜிஎல்-5ங்கற, இந்தச் சரக்கு அதிகமா இருக்கிற ரகம்னா பித்தளை, வெண்கல புஷ்ஷுக்கும் ஆகாது. ஆர்எக்ஸ்ல கியரும் கிளட்சும் ஒரே ஆயில்ல குளிக்குது. அதனால கிளட்ச் ஒத்துக்கிறதைத்தான் ஊத்தணும்.

இரும்பு_புல்லட்

ஸ்பானர் அண்ணன் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு, ஆனா அது எங்க வண்டிக்கு. பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்ல மூணு அறை, மூணு ஆயில். என்ஜினுக்கு ஒண்ணு. இடது பக்கம் பிரைமரி செயின் கவருக்குள்ள ஒண்ணு, கிளட்ச் இருக்கிறது அங்கதான். பின்னாடி தனியாப் பிரிஞ்ச கியர்பெட்டிக்கு ஒண்ணு. கிளட்ச் கியர்பெட்டிக்குள்ள இல்லாததால அங்க இபி 90 தாராளமா ஊத்தலாம். வெண்கல புஷ் இருக்கிறதால ஜிஎல்-4 கிடைச்சா இன்னும் நல்லது. கிளட்ச் கவருக்கு மட்டும் என்ஜின் ஆயில், லெவல் ஸ்க்ரூவைக் கழட்டி வச்சுட்டு அந்த ஓட்டை வழியாச் சொட்டற வரைக்கும் ஊத்தணும்.

நாலு கியர் பெட்டி ஆயிலை ஒழுகவிடும். அதுக்காக கிரீஸும் ஆயிலும் கலந்து போடற வழக்கம் உண்டு. அதுக்கு வழியற மாதிரி இளகின கிரீஸ் வேணும். வீல் பேரிங்குக்குப் போடற கெட்டி கிரீஸை அடைச்சா, கியர் அதுல ஒரு வாய்க்கால் வெட்டிக்கிட்டுச் சுத்தும், கிரீஸ் ஓரத்துல ஒதுங்கி நிக்கும், பல்லு காய்ஞ்சு ஓடும்.

என்ஜினும் கியர்பெட்டியும் ஒரே கூடா இருக்கிற யூசிஇ என்ஜின் வந்தப்புறம் இந்தக் கதை எல்லாம் முடிஞ்சுது, என்ஜின், கிளட்ச், கியர் எல்லாத்துக்கும் ஒரே ஆயில். அந்த வண்டிக்காரங்க இதைப் படிச்சுட்டு இபி 90 வாங்கப் போயிடாதீங்க.

ஸ்பானர்_பட்டறை

சரி, கிளட்ச் கணக்கு ஒத்துக்கறேன். அப்போ கியர் சத்தம் வர்ற வண்டிக்கு என்ன வழி?

டூஸ்ட்ரோக்_பித்தன்

முதல்ல ஆயில் அளவு குறையுதான்னு பாருங்க. அளவு சரியா இருந்தும் ஊளை சத்தம் வந்தா பேரிங் தேய்ஞ்சிருக்கு, இல்ல பிரைமரி கியர் பல்லு தேய்ஞ்சிருக்கு. கிளட்சை முழுசாப் பிடிச்சா சத்தம் மாறுதா, நியூட்ரல்ல இருந்தும் வருதா, ஒரு குறிப்பிட்ட கியர்ல மட்டும் வருதான்னு கேட்டா எந்தப் பக்கம்னு பிடிபடும். கெட்டி ஆயில் ஊத்தினா சத்தம்தான் மறையும், தேய்மானம் அப்படியே நடக்கும்.

இனி மாத்தற முறை. தம்பி, பொறுமையாப் படிங்க.

வண்டியை ஒரு பத்து நிமிஷம் ஓட்டிட்டு வந்து சமதரையில சென்டர் ஸ்டாண்ட் போடுங்க. ஆயில் வெதுவெதுன்னு இருந்தாத்தான் அடியில படிஞ்ச தூளும் சேர்ந்து வரும். வலது பக்கம் சைலன்சர் சுட்டுக்கிட்டு இருக்கும், கையைக் கவனிங்க. சாவியை எடுத்துடுங்க.

கிளட்ச் கவரைச் சுத்தி இருக்கிற மண்ணை பிரஷ்ஷால தட்டித் துடைச்சுட்டுத்தான் மேல் மூடியைத் திறக்கணும். மூடி ஓரத்துல ஒட்டின மணல் உள்ள விழுந்தா, ஃபில்டர் இல்லாத பெட்டியில அது அங்கயேதான் சுத்தும். மூடியைத் திறந்து வச்சாத்தான் காத்து போய் ஆயில் சீரா இறங்கும்.

அடியில டிரெயின் போல்ட். ரிங் ஸ்பானரோ சாக்கெட்டோ போடுங்க, ஓப்பன் ஸ்பானர் வேண்டாம், தலை உருண்டுடும். அட்ஜஸ்டபிள் ஸ்பானரைப் பக்கத்துலயே கொண்டு வராதீங்க. கீழ அகலமான, சுத்தமான, காய்ஞ்ச டிரே. தண்ணி இருந்த டிரேயா இருந்தா ஆயில்ல தண்ணி கலந்திருந்ததா இல்லையான்னு அப்புறம் தெரியாது. கடைசி ரெண்டு சுத்துக்கு விரலால போல்ட்டை உள்பக்கம் அழுத்திக்கிட்டே திருகி, சட்டுனு விலக்குங்க, கை மேல வழியாது.

பத்து நிமிஷம் வடியட்டும். ஸ்டாண்டை எடுத்து வண்டியை நேரா நிறுத்தி, இடம் வலமா மெதுவா ரெண்டு தடவை சாய்ச்சா மூலையில நிக்கிறதும் வந்துடும். அப்புறம் டிரேயில இருக்கிறதை அளவு போட்ட குவளையில ஊத்தி எவ்வளவுன்னு எழுதி வையுங்க.

போல்ட் வாஷர் செம்பா அலுமினியமான்னு பார்த்து அதே மாதிரி புதுசு போடுங்க. பழசு நசுங்கி இறுகிப் போயிருக்கும். அதையே போட்டு, சொட்டுதேன்னு இன்னும் இறுக்கி, கடைசியில மரையை அடிச்சிடுவாங்க. போல்ட்டைக் கையாலயே முழுசாச் சுத்தி ஏத்துங்க. கைக்கு வராம ஸ்பானர் கேட்டுச்சுன்னா மரை கோணலாப் பிடிச்சிருக்கு, வெளிய எடுத்து மறுபடியும் ஆரம்பிங்க.

சின்னப் புனல் வச்சு 650 மில்லியை நிதானமா ஊத்துங்க. மூடியைப் போட்டு ரெண்டு மூணு நிமிஷம் ஓடவிட்டு அணைச்சு, கொஞ்சம் நின்னப்புறம் லெவல் பாருங்க. டிப்ஸ்டிக்கைத் துடைச்சு, மரையில ஏத்தாம சும்மா மேல வச்சு எடுத்துப் பார்க்கணும். வண்டி நேரா நிக்கணும். சைடு ஸ்டாண்ட்ல பார்த்தா கணக்கு பொய்.

டூப்ளிகேட் மூடி போட்டிருந்தா குச்சி நீளம் முன்னப்பின்ன இருக்கும். அந்த மாதிரி வண்டியில குச்சியை நம்பாதீங்க, அளந்து ஊத்தின 650ஐ நம்புங்க. ஊத்தி முடிச்ச அன்னிக்கே குச்சியில ஆயில் எங்க நிக்குதோ அங்க ஒரு கீறல் போட்டா, அப்புறம் அதுதான் உங்க லெவல்.

லேத்_ஓரம்

போல்ட் இறுக்கறதைப் பத்தி ரெண்டு வார்த்தை. அடிச்சுப்போன டிரெயின் மரையோட வாராவாரம் கேஸ் வருது.

போல்ட் இரும்பு, கேஸ் அலுமினியம். தப்பு யார் மேலன்னாலும் சாகறது அலுமினியம்தான். 20 நியூட்டன் மீட்டர் போதும். டார்க் ரென்ச் இல்லாதவங்களுக்கு: 15 சென்டிமீட்டர் நீள ஸ்பானரோட நுனியில சுமார் 13, 14 கிலோ இழுப்பு. வாஷர் ஒக்கார்றது கைக்குத் தெரியும், அதுக்கு மேல கொஞ்சம்தான். ஸ்பானர் நுனியில பைப் சொருகி இழுக்கிற பழக்கம் இருந்தா இந்த வேலையைத் தொடாதீங்க.

மரை போச்சுன்னா டெஃப்லான் டேப் சுத்தி, எம்சீல் அப்பி ஓட்டறாங்க. அது தாங்காது, ஓடற வண்டியில போல்ட் கழண்டு விழுந்தா ஆயில் பின் டயர்ல. ஹெலிகாயில் (ஓட்டைக்குள்ள புது மரையா உக்கார்ற கம்பிச் சுருள்) போட்டுக்குங்க. ஓவர்சைஸ் போல்ட்டும் போடலாம், ஆனா கேஸ் சுவர் மெல்லிசு, அடுத்த தடவை வெட்ட இடம் இருக்காது. எதுவா இருந்தாலும் மரை வெட்டும்போது அலுமினியச் சீவல் உள்ள விழும். மரை வெட்டற கருவியில கிரீஸ் தடவி வெட்டச் சொல்லுங்க, அப்புறம் கொஞ்சம் பழைய ஆயிலை மேல ஊத்தி வடிச்சுட்டு மூடணும்.

கூடல்நகர்_ஆர்எக்ஸ்

அண்ணே, மண்ணெண்ணெய் கழுவல்?

டூஸ்ட்ரோக்_பித்தன்

வேண்டாம். மண்ணெண்ணெய் முழுசா வடியாது. அடியிலயும் கிளட்ச் தட்டு நடுவுலயும் நிக்கிறது புது ஆயிலை நீர்த்துடும், 650ல 50 மண்ணெண்ணெயா இருந்தாக்கூட அது 20டபிள்யூ-40 இல்ல. அதை ஊத்தி என்ஜினை ஓடவிடச் சொல்றவங்க பேச்சைக் கேட்கவே வேண்டாம், பேரிங் காய்ஞ்சு ஓடும்.

ஆயில் ரொம்ப மோசமா வந்தா, விலை குறைஞ்ச 4டி எம்ஏ ஆயில் 650 ஊத்தி ஒரு 200, 300 கிலோமீட்டர் ஓட்டிட்டு வடிச்சுடுங்க. அதுதான் கழுவல். அதுக்கப்புறம் 4000, 5000 கிலோமீட்டருக்கு ஒருக்கா, ஓட்டம் கம்மின்னா வருஷத்துக்கு ஒருக்கா மாத்தினாப் போதும். எரியற அறையோட சம்பந்தம் இல்லாததால ஃபோர்ஸ்ட்ரோக் ஆயில் மாதிரி சீக்கிரம் கறுக்காது. இதைக் கெடுக்கிறது கிளட்ச் தூளும் இரும்புத் தூளும் மழைத்தண்ணியும்தான். என்ஜின் வேலை செஞ்ச வண்டின்னா மட்டும் முதல் 500 கிலோமீட்டர்ல ஒரு தடவை மாத்திடுங்க.

வடிச்ச ஆயில்ல என்ன பார்க்கணும்னா, விரல் நுனியில ஒரு சொட்டு எடுத்து வெயில்ல தேய்ச்சுப் பாருங்க. மினுமினுன்னு மாவு மாதிரி இருக்கிறது சாதாரணத் தேய்மானம். காந்தத்தை ஆயில்ல விட்டா சாம்பல் நிறப் பசை ஒட்டும், அதுவும் சரிதான். ஊசி மாதிரி, சில்லு மாதிரி இரும்பு ஒட்டினா கியர் பல்லு உடையுது. காந்தத்துல ஒட்டாத பொன் நிறத் தூள்னா வெண்கல புஷ் கரையுது. கறுப்பா நார் மாதிரி இருந்தா கிளட்ச் லைனிங். ஆயில் பால் டீ நிறத்துல வந்தா தண்ணி இறங்கியிருக்கு. மூடியோட ஓ-ரிங், பிரீதர் ட்யூப் (கியர் அறை மூச்சு விடற குழாய்) ரெண்டையும் பாருங்க, பிரஷர் வாஷ் அடிக்கிற வண்டிக்கு இது அடிக்கடி.

ஈரோடு_135

கூட ஊத்தினா என்ன ஆகும்னு யாரும் சொல்லல. 900 முழுசா ஊத்தின வண்டிகள்ல பிரீதர் ட்யூப் வழியா ஆயில் கக்கும், பார்க்கிறவங்க சீல் போச்சுன்னு நினைப்பாங்க. கிளட்ச் கூடை ஆயிலைக் கடைஞ்சு நுரை கட்டும். நுரை கட்டின ஆயில் கியர் பல்லைத் தேய்மானத்துல இருந்து காக்காது. இழுவையும் மந்தமாகும். கியர் ஷாஃப்ட் சீல், கிக்கர் ஷாஃப்ட் சீல், ஸ்ப்ராக்கெட் பின்னாடி டிரைவ் ஷாஃப்ட் சீல், இதுல எது பலவீனமோ அதுல வழிய ஆரம்பிக்கும். செயின் பக்கம் எப்பவும் எண்ணெய்ப் பிசுக்கா இருந்தா செயின் ஆயில்னு விட்டுடாதீங்க, துடைச்சுட்டு ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்க.

அப்புறம் கிளட்ச் வழுக்குதுன்னு ஆயிலைத் திட்டறதுக்கு முன்னாடி லீவர் ப்ளே பாருங்க, 2ல இருந்து 3 மில்லிமீட்டர் இருக்கணும். ப்ளே இல்லாம இறுக்கி வச்சிருந்தா எந்த ஆயில் ஊத்தினாலும் வழுக்கும். தெரியாம கார் ஆயில் ஊத்தி வழுக்க ஆரம்பிச்சிருந்தா, வடிச்சு சரியான ஆயிலை ஊத்தி ஓட்டிப் பாருங்க, ரெண்டு தடவை மாத்தினாப் பல வண்டியில சரியாயிடும். ஆகலைன்னா தட்டு மாத்தணும். புதுத் தட்டை ஒரு ராத்திரி இதே ஆயில்ல ஊறவச்சுத்தான் மாட்டணும், காய்ஞ்ச தட்டை மாட்டினா முதல் நாளே கருகும்.

கிள்ளான்_ஆர்எக்ஸ்இசட்

மலேசியாவிலிருந்து ஒரு குறிப்பு. இங்கே யமஹாவின் இன்னொரு டூ ஸ்ட்ரோக் வண்டியான ஆர்எக்ஸ்இசட் வைத்திருப்பவர்கள் சிலர் ஆர்எக்ஸ் 100 அளவை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். ஆர்எக்ஸ்இசட் ஐந்து கியர், பிற்கால மாடல் ஆறு கியர். கேஸ் வேறு, அளவும் வேறு. உங்கள் மாடலின் கையேட்டில் உள்ளதைப் பாருங்கள். ஆயில் வகையைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும். மோட்டுல் ட்ரான்ஸாயில் போல டூ ஸ்ட்ரோக் கியர்பாக்ஸுக்கென்றே வருவதும் உண்டு, ஈரக் கிளட்சுக்கு ஏற்றதுதான். கிடைத்தால் போடலாம், கிடைக்கவில்லை என்று தேடி அலைய வேண்டியதில்லை.

கூடல்நகர்_ஆர்எக்ஸ்

மாத்தியாச்சு. சொன்ன மாதிரியே செஞ்சேன், போல்ட் கைக்கு ஏறிடுச்சு, சொட்டல. ஆனா வடிச்சது 410 மில்லிதான் வந்துச்சு. சாய்ச்சும் பார்த்துட்டேன். கறுப்பா இருந்துச்சு, காந்தத்துல பசை மட்டும்தான், சில்லு இல்ல. வெளிப்பக்கம் எங்கயும் ஈரம் இல்ல, தரையிலயும் சொட்டு இல்ல. புது ஆயில் ஊத்தினப்புறம் புகை இன்னும் கூடின மாதிரி இருக்கு. கைராசியா?

டூஸ்ட்ரோக்_பித்தன்

கைராசி எல்லாம் இல்ல, நீங்க அளந்ததாலதான் விஷயம் வெளிய வந்துச்சு. 240 மில்லி காணோம், தரையிலயும் இல்ல. போனவர் குறைச்சலா ஊத்தியிருக்கலாம், அதையும் மறந்துடக் கூடாது. ஆனா புகையோட சேர்த்துப் பார்த்தா சந்தேகம் கிளட்ச் பக்க கிராங்க் சீல் மேலதான் போகுது, கிராங்க் அறையையும் கியர் அறையையும் பிரிக்கிறது அதுதான்.

புது ஆயில் ஊத்தினதும் புகை கூடினதுக்குக் காரணம் இருக்கு. பிஸ்டன் மேல போகும்போது கிராங்க் அறையில காத்து உறிஞ்சும். சீல் உதடு தேய்ஞ்சிருந்தா அந்த உறிஞ்சல்ல கியர் ஆயில் உள்ள போகும். இதுவரைக்கும் லெவல் இறங்கி சீலுக்குக் கிட்ட ஆயில் குறைச்சலா இருந்துச்சு, இப்போ நிறைஞ்சிருக்கு. அதனால ஆயிலைக் குறைச்சு ஊத்தி புகையைக் கட்டுப்படுத்தலாம்னு யாராவது சொன்னாக் கேட்காதீங்க.

ஆனா உடனே சீல்னு முடிவு கட்டவும் வேண்டாம். ஆட்டோலூப் பம்போட செக் வால்வ் (ஆயிலைத் தானா இறங்க விடாம தடுக்கிறது) போனாலும் நின்ன வண்டியில 2டி ஆயில் மெதுவா உள்ள இறங்கி, காலையில ஸ்டார்ட் பண்ணதும் கொட்டுனு புகை வரும். அது கொஞ்ச நேரத்துல குறைஞ்சிடும். சீல் போன புகை ஓடற வரைக்கும் நிக்காது, ஆக்சிலரேட்டரை மூடி இறக்கத்துல வந்துட்டு மறுபடியும் முறுக்கினா மேகம் மாதிரி கிளம்பும். வாடையும் வேற, 2டி வாடை இல்லாம கருகின எண்ணெய் வாடை. ப்ளக்கைக் கழட்டிப் பாருங்க, ஈரமா கறுப்பு எண்ணெய் பூசியிருக்கும்.

இப்போ ரெண்டு இடத்துல குறி வையுங்க. 2டி டேங்க் லெவல் ஒண்ணு, கியர் ஆயில் டிப்ஸ்டிக் ஒண்ணு. ஒரு 300 கிலோமீட்டர் ஓட்டிட்டு எது இறங்கியிருக்குன்னு பாருங்க. கியர் ஆயில் இறங்கினா சீல். 2டி அளவுக்கு மீறி இறங்கினா பம்ப் பக்கம். கியர் ஆயில் லெவல் கூடியிருந்தா பம்ப் ஷாஃப்ட் சீல் வழியா 2டி ஆயில் கியர் அறைக்கு வருது. பெட்ரோல் வாடையோட நீர்த்துப் போயிருந்தா கிராங்க் சீல்தான், ஆனா எதிர்த் திசையில: பிஸ்டன் கீழ வரும்போது அழுத்தம் இந்தப் பக்கம் தள்ளுது. ஒரே ஓட்டை ரெண்டு பக்கமும் வேலை செய்யும்.

ஈரோடு_135

கிராங்கோட மறுமுனையில, மின்சாரம் தர்ற மேக்னெட் பக்கம் இருக்கிற சீலையும் இதோட குழப்பிக்காதீங்க. அது போனா காத்துதான் இழுக்கும், ஆயில் போகாது. ஐடிலிங் தானா ஏறும், வண்டி சூடாகும், ப்ளக் வெளுப்பா இருக்கும், புகை கம்மியாத்தான் வரும். அது இதை விட ஆபத்து, பெட்ரோல் கலவை நீர்த்துப் பிஸ்டன் பிடிச்சுக்கும்.

லேத்_ஓரம்

300 கிலோமீட்டர் காத்திருக்க வேண்டாம்னா அழுத்தம் கொடுத்துப் பார்க்கலாம். டூஸ்ட்ரோக் வேலை தெரிஞ்ச பட்டறையில இதுக்கு சாமான் வச்சிருப்பாங்க. கார்புரேட்டரைக் கழட்டி இன்டேக் ரப்பர்ல ஒரு அடைப்பு, சைலன்சரைக் கழட்டி எக்ஸாஸ்ட் வாய்ல ஒரு அடைப்பு, பிஸ்டன் கீழ, ப்ளக் மாட்டியே இருக்கணும். 2டி ஆயில் வர்ற குழாயையும் அடைக்கணும், அதை மறந்துட்டு சீல் போச்சுன்னு சொல்ற ஆள் உண்டு.

அடைப்புல ஒண்ணு வழியா கை பம்பால 6 பிஎஸ்ஐ மட்டும் ஏத்துங்க. கம்ப்ரஸரைச் சொருகாதீங்க, 10 தாண்டினா நல்ல சீலும் பிதுங்கிடும். நிமிஷத்துக்கு 1 பிஎஸ்ஐக்கு மேல இறங்கலைன்னா சரி. இறங்கினா கியர் ஆயில் மூடியைத் திறந்து காதை வையுங்க. உள்ள 'குளுகுளு'ன்னு குமிழி சத்தம் வந்தா கிளட்ச் பக்க சீல், அதுக்கு மேல ஆராய்ச்சி வேண்டாம். சத்தம் இல்லைன்னா சோப்பு நுரையை மேக்னெட் பக்கம், சிலிண்டர் அடி கேஸ்கெட், ஹெட் எல்லாத்துலயும் தடவுங்க, குமிழி எங்க வருதோ அங்கதான்.

கூடல்நகர்_ஆர்எக்ஸ்

பட்டறையில காத்தடிச்சுப் பார்த்தாச்சு அண்ணே. மூடியைத் திறந்ததும் குமிழி சத்தம் தெளிவாக் கேட்டுச்சு. சீல் வேலைக்கு விடறேன். இதை வீட்டுல செய்யலாமா? அப்புறம் வடிச்ச பழைய ஆயில் ஒரு கேன்ல இருக்கு, செயினுக்குத் தடவலாமா?

டூஸ்ட்ரோக்_பித்தன்

சீலுக்கு கிளட்ச் கவர், கிளட்ச் கூடை, பிரைமரி கியர் எல்லாம் கழட்டணும். புல்லர், கிளட்ச் பிடிக்கிற சாமான் இல்லாம வீட்டுல தொடாதீங்க. கொடுக்கும்போது மூணு விஷயம் சொல்லிடுங்க: ரெண்டு பக்க சீலையும் சேர்த்து மாத்தணும், ஒரிஜினல் சீல் நீங்களே வாங்கிக் கொடுங்க, கிராங்க் பேரிங்ல மேல கீழ ஆட்டம் இருக்கான்னு கையால பார்க்கச் சொல்லுங்க. பேரிங் ஆடினா புது சீல் உதடும் சீக்கிரம் தின்னுடும், அப்போ கிராங்க் வேலையோட சேர்த்துத்தான் செய்யணும். சீல் போடறப்போ ஷாஃப்ட்ல சீல் உரசின இடத்துல நகம் மாட்டற அளவுக்குக் கோடு விழுந்திருக்கான்னும் பார்க்கணும். கவர் கேஸ்கெட் புதுசு. மாட்டினப்புறம் இதே 6 பிஎஸ்ஐ சோதனையை இன்னொரு தடவை போட்டுக் காட்டச் சொல்லுங்க, அதுக்கப்புறம் காசு கொடுங்க.

பழைய ஆயிலைச் செயினுக்குத் தடவாதீங்க. அதுல இருக்கிற இரும்புத் தூள் ரோலரையும் ஸ்ப்ராக்கெட்டையும் தேய்க்கும். சாக்கடையில, மண்ணுல ஊத்தறதும் கூடாது. பட்டறையில பழைய ஆயில் பேரல் வச்சிருப்பாங்க, கேனோட கொடுத்துடுங்க.

கவர் கழட்ட எப்படியும் இப்போ ஊத்தின ஆயிலை வடிக்கணும். சுத்தமான டிரேல பிடிக்கச் சொல்லி, அளந்துட்டு எண்ணைச் சொல்லுங்க. ஓடினது இவ்வளவு கிலோமீட்டர்னும் போடுங்க.

கூடல்நகர்_ஆர்எக்ஸ்

வடிச்சாச்சு. 120 கிலோமீட்டர், 590 மில்லி.

டூஸ்ட்ரோக்_பித்தன்

வடியாம ஒட்டி நிக்கிறது 20, 30 மில்லின்னு கழிச்சாலும், 120 கிலோமீட்டருக்கு 30 மில்லியாவது எரிஞ்சிருக்கு. சீல்தான். புதுசு மாட்டினப்புறம் மறுபடியும் 650, அளந்து.